சின்னக் காரில் சொந்தமாகப் போட்ட டர்போ: பூஸ்ட்டும் பெட்ரோலும் தகராறு செய்தால் எங்கே தேடுவது

பெங்களூரில் வீட்டு ஷெட்டிலோ சின்ன ஒர்க்‌ஷாப்பிலோ வைத்து டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; அந்தக் கூடுதல் அழுத்தமே பூஸ்ட்) ஏற்றிய 1.0 முதல் 1.3 லிட்டர் பெட்ரோல் கார்களுக்கான வழிமுறை இது. எஸ்டீம், ஜென், பழைய ஸ்விஃப்ட் போன்றவை. நான்கு சிலிண்டர், உள்ளேயே வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு) உள்ள சிறிய டர்போ, முன்னால் ஓர் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), மேப் சென்சாரை (மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது) நம்பி ஓடும் மெகாஸ்குவர்ட் அல்லது ஸ்பீடுயினோ வகை இசியூ (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்), சைலன்சர் பைப்பில் ஒரு வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் சென்சார்). இதுதான் வழக்கமான அமைப்பு.

இந்தக் கார்களில் வரும் புகார்களில் பெரும்பங்கு ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட், ஒயர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஃப்யூல் டேபிளால், அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று இசியூவில் எழுதிய எண் அட்டவணையால், வருவது குறைவு. ஆனாலும் கை முதலில் லேப்டாப்புக்குத்தான் போகிறது. கசிவை மறைக்க டேபிளில் எண்ணைக் கூட்டிவிட்டால், கசிவை அடைத்த நாளில் அந்த எண்ணே புதுக் கோளாறாக வந்து நிற்கும். அதனால் எந்த அறிகுறியானாலும் காற்று கசிகிறதா, கரண்ட் ஒழுங்காகப் போகிறதா, பெட்ரோல் பிரஷர் நிற்கிறதா என்ற மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் டேபிளைத் தொட வேண்டும்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேப் சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 90 முதல் 92 கிலோபாஸ்கல் வரை காட்ட வேண்டும். 100, 101 என்று காட்டினால் சென்சார் கேலிபிரேஷன் தவறு. இணையத்தில் எடுத்த செட்டிங்கை அப்படியே ஏற்றியிருப்பார்கள். 80-க்குக் கீழே காட்டினாலும் அதே கதைதான். இந்த ஓர் எண் தவறாக இருந்தால் கீழே சொல்வது எதுவும் உதவாது.

லாக் (ஓட்டத்தின்போது இசியூ பதியும் அளவுகள்) எடுக்கும்போது குறைந்தது இவை வேண்டும்: ஆர்பிஎம், மேப், த்ராட்டில், லாம்டா (கலவை அளவு; சரியான கலவைக்கு 1), இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கும் நேரத்தின் விழுக்காடு), இக்னிஷன் டைமிங், உள்ளே வரும் காற்றின் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், பூஸ்ட் சோலனாய்டு (வேஸ்ட்கேட்டுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) டியூட்டி. பெட்ரோல் பிரஷருக்கும் ஒரு சென்சார் போட்டுவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபுல் த்ராட்டில் சோதனையை டைனோவிலோ (வண்டியை நிறுத்தியபடியே ஓட்டி விசையை அளக்கும் மேடை) ரேஸ் டிராக்கிலோ மட்டும் செய்யுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் ராத்திரி காலியாக இருக்கிறதே என்று இறங்க வேண்டாம். சட்டத்தையும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. இந்த வண்டிகளுக்கு உரிய இடம் டிராக்தான்.

## அறிகுறி 1: பூஸ்ட் ஏறவில்லை

"அண்ணே, டர்போ சுத்துற சத்தம் கேக்குது, பிக்கப் வரல" என்று வரும் வண்டி.

### சத்தம் பலமாக இருக்கிறது, பூஸ்ட் மட்டும் குறைவு

காற்று வெளியே போகிறது. பிரஷர் டெஸ்ட்தான் வழி. ஏர் ஃபில்டரைக் கழற்றி, டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடியில் ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஹோஸும் கிளாம்பும் போட்டு இறுக்குங்கள். காற்றடிக்கும் கம்ப்ரசரில் ரெகுலேட்டர் வைத்து 0.5 பாருக்கு மேல் போகாமல் காற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள். மூடி பிய்த்துக்கொண்டு பறக்கக்கூடும், ஆகவே அதற்கு நேர் எதிரே நிற்காதீர்கள். எஞ்சினுக்குள்ளேயே திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று சைலன்சருக்குப் போகும், அது இயல்பு. கிராங்க் போல்ட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால் அது குறையும்.

பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள், அடிக்கடி கசியும் வரிசையில்: இன்டர்கூலர் பைப் மூட்டுகள், ப்ளோ-ஆஃப் வால்வின் (த்ராட்டிலை மூடும்போது மிஞ்சும் பூஸ்ட்டை வெளியேற்றுவது) சீட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங், பிசிவி வால்வு (கிராங்க் கேஸின் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடுவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ். கடைசி இரண்டையும் கூர்ந்து பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சினில் மேனிஃபோல்டுக்குள் பிரஷரே வராது என்பதால் ஸ்டாக் (கம்பெனி போட்ட) பிசிவி வால்வு பூஸ்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அது விட்டுக்கொடுத்தால் பூஸ்ட் நேரே கிராங்க் கேஸுக்குள் போய் டிப்ஸ்டிக்கையே மேலே தள்ளும். பிரேக் ஹோஸின் ஒருவழி வால்வு கெட்டால் பிரேக் பெடல் கல் போல இறுகிவிடும். வண்டியை அந்த நிலையில் ஷெட்டை விட்டே எடுக்காதீர்கள்.

அலுமினியப் பைப்பின் முனையில் உருண்டையான விளிம்பு இல்லையென்றால் சிலிகான் ஹோஸ் எப்படி இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு வரும். பீன்யா தொழிற்பேட்டையில் பைப் வெட்டும்போதே முனையில் விளிம்பு தட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது டிக் வெல்டிங்கில் மெல்லிய வளையம் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ கிளாம்புக்குப் பதில் டீ-போல்ட் கிளாம்ப் போடுங்கள், ஜே.சி. ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும்.

### சத்தமும் குறைவு, பூஸ்ட்டும் குறைவு

எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் ஊதினால் டர்பைனுக்கு (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) போகும் விசை குறையும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள்: "டிக் டிக்" என்று வந்து சூடானதும் சத்தம் மங்கினால் கேஸ்கெட் அல்லது வெல்டிங் விரிசல். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்.

அடுத்தது வேஸ்ட்கேட் மூடி நிற்கிறதா என்பது. ஆக்சுவேட்டர் (பூஸ்ட் அழுத்தத்தால் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஸ்பிரிங் டப்பா) ராடின் கிளிப்பைக் கழற்றி, வேஸ்ட்கேட் கையை விரலால் மூடிப் பிடியுங்கள். ராடின் ஓட்டை, பின்னுக்கு 1 முதல் 2 மிமீ எட்டாமல் நிற்க வேண்டும். ராடை இழுத்துத்தான் மாட்ட முடிய வேண்டும். தளர்வாக வந்து பொருந்தினால் வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்துகொள்கிறது என்று பொருள். நட்டைத் திருகி நீளத்தைக் குறையுங்கள்.

### எல்லாம் சரி, ஆனாலும் மேல் ஆர்பிஎம்மில் விழுகிறது

ஏர் ஃபில்டர் அடைப்பு, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைப்பு, மிகச் சிறிய டர்போ என்ற வரிசையில் பாருங்கள். கடைசிக் காரணமென்றால் செலவு டர்போவின் விலை.

மெக்கானிக்கை அழைக்கும் கட்டம்: டர்போவின் ஷாஃப்டை விரலால் ஆட்டும்போது கம்ப்ரசர் (டர்போவில் காற்றைத் தள்ளும் பக்கம்) சக்கரம் உறையைத் தொட்டால், அல்லது இறக்கையில் நெளிவு தெரிந்தால். அதை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. உடைந்த இறக்கை எஞ்சினுக்குள் போய்விடும்.

## அறிகுறி 2: பூஸ்ட் நிற்காமல் ஏறுகிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு முதலிடம் கொடுங்கள். ஸ்டாக் பிஸ்டனும் ஸ்டாக் கனெக்டிங் ராடும் உள்ள, கம்ப்ரஷன் 9-க்கு மேல் இருக்கும் எஞ்சினில் 0.4, 0.5 பார் என்பதே எங்கள் எல்லை. 0.9-க்கு ஒருமுறை தாவினாலே ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டன் ரிங் மேடோ போகலாம். இசியூவில் பூஸ்ட் கட் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்; இலக்குக்கு மேல் 0.15 பாரில் ஃப்யூல் கட் ஆக வேண்டும்.

சோலனாய்டை முழுதாக விலக்கிவிட்டு, டர்போ கம்ப்ரசரில் அழுத்தக் காற்று வெளிவரும் வாயிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரே ஹோஸ் போடுங்கள். மூன்றாம் கியரில் பாதி த்ராட்டிலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். இதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும்.

### ஸ்பிரிங் பிரஷரில் அப்படியே நிற்கிறது

கோளாறு சோலனாய்டிலோ அதன் ஹோஸ் இணைப்பிலோ. மூன்று வாய் சோலனாய்டில் கரண்ட் இல்லாதபோது கம்ப்ரசர் வாயும் ஆக்சுவேட்டர் வாயும் ஒன்றோடொன்று திறந்திருக்க வேண்டும். வாயால் ஊதிப் பாருங்கள், ஐந்து நொடி வேலை. மாறிப் பொருத்தியிருந்தால் கரண்ட் போன நேரம் வேஸ்ட்கேட்டுக்குக் காற்றே போகாது, பூஸ்ட் தன் போக்கில் ஏறும். ஃப்யூஸ் போனால் பூஸ்ட் குறைய வேண்டும், ஏறக் கூடாது. இசியூ செட்டிங்கில் டியூட்டி தலைகீழாக இருந்தாலும் இதே அறிகுறி வரும்.

### ஆர்பிஎம் கூடக் கூட மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது

ஸ்பிரிங் 0.4-க்கு உள்ளது, 3,500-இல் 0.4, 5,000-இல் 0.55, 6,000-இல் 0.7 என்று வந்தால் வேஸ்ட்கேட் ஓட்டை சிறியது. கதவு முழுக்கத் திறந்தும் எக்ஸாஸ்ட் வாயு அதன் வழியே போய்த் தீரவில்லை. இசியூவில் எதைத் திருகினாலும் இது மாறாது. டர்போவைக் கழற்றி, ஓட்டையை அகலப்படுத்தி, கதவு தட்டையாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். லேத்காரரிடம் கொடுக்கும்போது கதவின் தட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஓட்டை பெரிதாகித் தட்டு சிறிதாக இருந்தால் விளிம்பில் 2 மிமீ கூடப் படியாது.

### ஆரம்பத்திலேயே 0.9, 1.0 என்று அடிக்கிறது

ஸ்பிரிங்கே கனமானது. சிவாஜிநகர் குஜரியில் (பழைய பாகச் சந்தை) 1.3 டீசல் எஞ்சினின் டர்போவை வாங்கிப் போடுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். டீசல் ஆக்சுவேட்டர் 1 பாரை ஒட்டியோ அதற்கு மேலோதான் திறக்கத் தொடங்கும். சைக்கிள் பம்ப், டீ ஜாயின்ட், ஒரு பிரஷர் கேஜ் இருந்தால் மேஜையிலேயே தெரிந்துகொள்ளலாம்: காற்றை ஏற்றும்போது ராட் எந்த அளவில் அசைகிறது என்று பாருங்கள். 0.3, 0.4 பார் ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டரை மாற்றிப் போடுவதே தீர்வு. ராட் நீளத்தைக் கூட்டிச் சமாளித்தால் வேஸ்ட்கேட் எப்போதும் லேசாகத் திறந்தே கிடக்கும், கீழ் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்காது. பெட்ரோல் எக்ஸாஸ்ட் டீசலை விடச் சூடு அதிகம் என்பதால் இத்தகைய டர்பைன் உறையில் வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றி விரிசல் வருகிறதா என்று சர்வீஸ் தோறும் பாருங்கள்.

கடைசியாக அந்த ஹோஸ். கம்ப்ரசருக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் ஓடும் அரை அடி ஹோஸ் இந்த வண்டியிலேயே விலை குறைந்த பாகம், எஞ்சினை அழிக்கும் வலிமை அதற்குத்தான் அதிகம். டர்பைன் பக்கமாகத் தொங்கினால் உருகும், கழன்றாலும் கிழிந்தாலும் வேஸ்ட்கேட்டுக்குச் சேதி போகாது. 4 மிமீ உள்விட்டம் உள்ள சிலிகான் ஹோஸ், இரு முனையிலும் ஸ்பிரிங் கிளாம்ப், வெப்பம் தாங்கும் உறை. ஹோஸ் எடுக்கும் இடம் கம்ப்ரசர் வாயாக இருக்கட்டும். த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால், பாதி த்ராட்டிலில் டர்போ தேவைக்கு மேல் சுழலும்.

## அறிகுறி 3: பூஸ்ட் மேலும் கீழும் ஆடுகிறது

ஒருமுறை தாவிப் பிறகு இலக்கில் நின்றால் அது ஸ்பைக். சோலனாய்டிலிருந்து ஆக்சுவேட்டர் வரை உள்ள ஹோஸை எவ்வளவு குட்டையாக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக்குங்கள். அதற்குப் பிறகும் இருந்தால், இலக்கை எட்டும் முன்பே டியூட்டியைக் குறைக்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள். நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் க்ளோஸ்டு லூப்பை (பூஸ்ட்டைப் பார்த்து இசியூ தானே டியூட்டியைத் திருத்துவது) அணைத்து நிலையான டியூட்டியில் ஓட்டுங்கள். அப்போது நின்றால் பிஐடி எண்கள் (அந்தத் திருத்தத்தின் வேகத்தை முடிவு செய்யும் பி, ஐ, டி செட்டிங்) அதிகம். ஐ-யை முதலில் குறையுங்கள், பிறகு பி. அப்போதும் ஆடினால் வேஸ்ட்கேட் புஷ் தேய்ந்து கை சிக்குகிறது. எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், அது எரிந்து கரியாகி இன்னும் சிக்கும்.

## அறிகுறி 4: பூஸ்டில் லீன் ஆகிறது

காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால் லீன், கூடினால் ரிச். லாம்டா 0.85-க்கு மேல் போகத் தொடங்கியதும் காலை எடுங்கள். பூஸ்டில் 0.78 முதல் 0.82 வரை இருக்க வேண்டும்.

இ20 (20 விழுக்காடு எத்தனால் கலந்த) பெட்ரோலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழப்பம் இதில்தான் அதிகம். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான கலவை (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 14.7, இ20-க்குச் சுமார் 13.5. ஆனால் வைட்பேண்ட் அளப்பது லாம்டாவை. பெட்ரோல் ஸ்கேலில் உள்ள கேஜ் இ20-இலும் சரியான கலவையை 14.7 என்றே காட்டும். ஆகவே கேஜில் 11.5 முதல் 12 வரை என்ற பழைய இலக்கு அப்படியே செல்லும். மாற வேண்டியது கொடுக்கும் அளவு: கலப்பில்லாத பெட்ரோலில் டியூன் செய்த டேபிள் இ20-இல் 8 விழுக்காடு வரை குறைவாகக் கொடுக்கும். "எங்கேயும் கசிவில்லை, எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு லீன்" என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒவ்வொரு கட்டமாகத் திருத்தாமல் மொத்த ஃப்யூல் அளவை ஒரே எண்ணில் கூட்டுங்கள்.

### ஒரு குறிப்பிட்ட பூஸ்ட்டுக்கு மேல் மட்டும் லீன்

ஸ்டாக் மேப் சென்சாரை மாற்றவில்லையா என்று பாருங்கள். டர்போ இல்லாத காரின் சென்சார் வெளிக் காற்றின் அழுத்தத்தைச் சற்றே தாண்டியதும் அதற்கு மேல் காட்டாது. லாகில் மேப் கோடு மேசை போலத் தட்டையாக நிற்கும், இசியூவுக்குப் பூஸ்ட் வந்ததே தெரியாது. 2.5 அல்லது 3 பார் சென்சார் தேவை. சென்சாருக்குப் போகும் ஹோஸைப் ப்ளோ-ஆஃப் வால்வோடும் பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரோடும் டீ போட்டுப் பங்கிடாதீர்கள். மேனிஃபோல்டில் அதற்கென்று தனி வாய் கொடுங்கள்.

### ஆர்பிஎம் கூடக் கூட லீன்

பெட்ரோல் போதவில்லை. பிரஷர் கேஜை ரெயிலில் மாட்டுங்கள், அதன் ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவராமல் வைப்பரின் அடியில் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிய நிலையில் 3 பார் என்றால், 0.5 பார் பூஸ்டில் 3.5 பார் காட்ட வேண்டும். ரிட்டர்ன் இல்லாத, டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் உள்ள அமைப்பில் பிரஷர் 3-இலேயே நிற்கும், 0.6 பார் பூஸ்டில் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 2.4 பார் மட்டுமே, வரும் பெட்ரோல் 10 விழுக்காடு குறையும். டேபிளில் ஈடுகட்டலாம், ஆனால் ரிட்டர்ன் லைனும் பூஸ்ட் ரெகுலேட்டரும் போடுவதே நல்லது.

பிரஷர் ஏறி, பிறகு மேல் ஆர்பிஎம்மில் சரிந்தால் மலிவிலிருந்து தொடங்குங்கள்:

ஃப்யூல் ஃபில்டர். பழைய டேங்கில் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், ஆகவே இ20-க்கு மாறிய சில மாதங்களில் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் ஹோஸ் மென்மையாகி ஊதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு ஆர்10 தரம் வேண்டும். வெளியே போடும் ஆர்9 ஹோஸ் உள்ளே தாங்காது.

பம்புக்கு வரும் வோல்டேஜ். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 இருந்தால் பம்பின் முனையில் 13.3-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் பேட்டரியிலிருந்து நேராகத் தனி ரிலே, 2.5 சதுர மிமீ ஒயர், 15 ஆம்ப் ஃப்யூஸ். எர்த் ஒயரையும் அதே தடிமனில் போடுங்கள், பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பம்பின் அளவு. ரிட்டர்ன் ஹோஸை அளவு குறித்த கேனுக்குள் விட்டு, ரெகுலேட்டரின் வாயில் சைக்கிள் பம்பால் 0.5 பார் காற்று ஏற்றிப் பிடித்து, பம்பை 30 நொடி ஓட்டுங்கள். இரண்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று தெரியும். 120 குதிரைத்திறனுக்கு இ20-இல் ஏறத்தாழ 830 மில்லி எரியும், ஆகவே 1 லிட்டராவது வர வேண்டும். வெட்டவெளியில், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு, ஸ்பார்க் வரும் எதையும் அருகில் வைக்காமல் செய்யுங்கள்.

பிரஷர் சரியாக நின்றும் லீன் என்றால் இன்ஜெக்டர் போதவில்லை. டியூட்டி 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இசியூ டியூட்டி காட்டவில்லையென்றால் 1,20,000-ஐ ஆர்பிஎம்மால் வகுங்கள். 6,500-க்கு 18.5 மில்லிசெகண்ட் வரும், பல்ஸ் (இன்ஜெக்டர் ஒருமுறை திறந்திருக்கும் நேரம்) 15.7-க்கு மேல் போனால் எல்லை முடிந்தது. அதே 120 குதிரைத்திறனுக்கு இன்ஜெக்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 245 சிசி தேவை. 300 சிசி போட்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

### வளைவில் மட்டும் லீன்

டேங்க் கால்வாசிக்குக் கீழ் இருக்கிறது, பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. டிராக் நாளில் பாதிக்குக் குறையாமல் வையுங்கள்.

### கேஜ் லீன் காட்டுகிறது, வண்டியோ நன்றாகப் போகிறது

வைட்பேண்டுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறது, வெளிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஐடிலில் இது அதிகமாகத் தெரியும். சென்சார் டர்போவைத் தாண்டி 45 முதல் 60 செமீ தள்ளி, தண்ணீர் தேங்காதபடி பைப்பின் மேல் பாதியில் சாய்ந்து நிற்க வேண்டும். டர்போவுக்கு முன் பொருத்தினால் சூட்டிலும் பிரஷரிலும் சீக்கிரம் கெடும், அளவும் தவறும்.

## அறிகுறி 5: பூஸ்டில் வெட்டி வெட்டி இழுக்கிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

இதை லீன் என்று நினைத்துப் பெட்ரோல் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிலிண்டரில் தீப்பொறி அணைந்தால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், வைட்பேண்ட் அதை லீன் என்று காட்டும். லாகை உற்றுப் பாருங்கள். உண்மையான லீன் என்றால் லாம்டா கோடு வழவழப்பாக ஏறும். மிஸ்ஸிங் என்றால் ரம்பப் பல் போல 0.8, 1.1, 0.82, 1.2 என்று தாவும், கூடவே சைலன்சரில் "டப் டப்" வரும். அதே கிலோபாஸ்கலில் ஒவ்வொரு முறையும் கத்தி வைத்தாற்போல வெட்டினால் அது மிஸ்ஸிங் இல்லை, பூஸ்ட் கட் தன் வேலையைச் செய்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக் இடைவெளி. 1.0, 1.1 மிமீ ஸ்டாக் இடைவெளி பூஸ்டில் தாங்காது. ஃபீலர் கேஜ் வைத்து 0.65-க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றுங்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, 6-க்குப் பதில் 7. பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் சூடான பிளக்கோடு பூஸ்ட் ஏற்றுவீர்கள், ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள்.

அடுத்து பிளக் ஒயர். இருட்டில் பானட்டைத் திறந்து, ஒயர்மேல் தண்ணீரை லேசாகத் தெளித்து ஐடிலில் பாருங்கள், நீலப் பொறி தாவினால் ஒயர் போயிற்று. அதன் பின் காயில், காயிலுக்கு வரும் வோல்டேஜ், டுவெல் நேரம் (காயில் கரண்ட் ஏற்றிக்கொள்ளும் நேரம்).

## அறிகுறி 6: புகை

கரும்புகை என்றால் ரிச். டேபிளைக் குறைக்கும் முன் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. சாவியை அணைத்துப் போட்டதும் தானே சரியாகும் ரிச் அல்லது லீன் ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது மேப் சென்சார் காட்டுவதையே வெளிக் காற்றின் அழுத்தமாக எடுத்துக்கொள்ளும் இசியூ, ஓடும்போது ஒரு நொடி கரண்ட் போய் மீண்டால் மேனிஃபோல்டு வேக்யூமை வெளிக் காற்று என்று பதிந்துகொள்ளும். பேரோ (வெளிக் காற்றழுத்தம்) எல்லையைக் கீழே 88, மேலே 103 என்று கட்டிவிடுங்கள், பிறகு இசியூவின் கரண்டும் எர்த்தும் எங்கே தளர்கின்றன என்று தேடுங்கள்.

நீலப்புகை என்றால் எண்ணெய். டர்போ சீல் என்று முடிவுகட்டும் முன் எண்ணெய் திரும்பும் பைப்பைப் பாருங்கள்: அது எங்கும் மேலேறாமல் கீழ்நோக்கியே இறங்கி, சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேல் சேர வேண்டும். வெள்ளைப்புகையும் கூலன்ட் டேங்கில் குமிழியும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

## அறிகுறி 7: நாக்கிங்

சிலிண்டரில் கலவை சீராக எரியாமல் தானே வெடிப்பதுதான் நாக்கிங். தகர டப்பாவில் சரளைக்கல் போட்டு ஆட்டிய சத்தம். சின்ன வண்டியில் டர்போ இரைச்சலும் சேர்வதால் காதுக்கு எட்டாமலே போகலாம், ஆகவே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளியோ, வெயிலில் மினுங்கும் வெள்ளிப் புள்ளியோ இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. வெள்ளிப் புள்ளி பிஸ்டனின் அலுமினியம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், நான்கு சிலிண்டருக்கும் நடுவே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் எஞ்சின் பில்டரிடம் போக வேண்டிய கட்டம் அது.

காரணங்கள்: பெட்ரோல் 91 ஆக்டேனா? 95-க்கு மாறுங்கள், டிராக் நாளுக்கு 100 ஆக்டேன். பிறகு காற்றின் வெப்பம். சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த இன்டர்கூலர் சூடேறிக் கிடக்கும், அங்கிருந்து விடுபட்டதும் முதல் மிதியில்தான் நாக்கிங் வரும். வெப்ப சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கட்டும். பித்தளை மூடியிட்ட வகை மெதுவாகத்தான் உணரும், திறந்த முனை வகை வாங்குங்கள். 50 டிகிரிக்கு மேல் டைமிங்கைக் குறைக்கவும், 65-க்கு மேல் பூஸ்ட்டையும் சேர்த்துக் குறைக்கவும் செட்டிங் வையுங்கள். அடுத்துதான் டைமிங் டேபிள்: ஒவ்வொரு 0.07 பார் பூஸ்ட்டுக்கும் 1 டிகிரி குறைப்பது பத்திரமான தொடக்கம். டைமிங் லைட் வைத்து, இசியூ சொல்லும் டிகிரியும் கிராங்க் புல்லி காட்டும் டிகிரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். இது பொருந்தாமல் டியூன் செய்த டேபிள் முழுக்கவே பொய்.

## அறிகுறி 8: ஐடில் ஆடுகிறது

ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுப் பாருங்கள். லாம்டா உடனே நகர்ந்தால் இன்ஜெக்டர் டெட் டைம் (கரண்ட் வந்தும் இன்ஜெக்டர் திறக்கும் வரை ஆகும் தாமதம்), வோல்டேஜ் திருத்தம் தவறு. மேப் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குப் பதில் 50-க்கு மேல் நின்றால் வேக்யூம் கசிவு. அறிகுறி 1-இல் சொன்ன பிரஷர் டெஸ்டே போதும். இரண்டும் சரியென்றால் ப்ளோ-ஆஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து ஐடிலில் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 9: இங்கே சரியாக ஓடியது, ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் நாக்கிங்

ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இறங்கும்போது காற்றின் அழுத்தம் 91 கிலோபாஸ்கலிலிருந்து 101-க்கு ஏறுகிறது. ஸ்பிரிங் மட்டும் வைத்து ஓட்டும் வண்டியில் கேஜ் இரண்டு ஊரிலும் 0.5 என்றே காட்டும். ஆனால் மேனிஃபோல்டில் இங்கே 141, அங்கே 151. ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் காற்று, அதோடு கீழ் நாட்டு வெயில். பெங்களூரில் தொட்டே பார்க்காத 150-ஆம் வரிசை டேபிளில் ஊகத்தில் நிரப்பிய எண்களாக இருக்கும். கிளம்பும் முன் அந்த வரிசையில் பெட்ரோலை 3 விழுக்காடு கூட்டி, டைமிங்கை 2 டிகிரி குறைத்து வையுங்கள்.

இசியூ இலக்கை கிலோபாஸ்கலில் பிடிக்கும் வண்டியில் இது தலைகீழ். சென்னையில் 150-க்கு டியூன் செய்ததை இங்கே ஓட்டினால் டர்போ 0.5-க்குப் பதில் 0.6 பார் தள்ள வேண்டியிருக்கும், காற்று இன்னும் சூடாகி வரும். இலக்கை 140-க்கு இறக்குங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஊர் சேர்ந்ததும் எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து மேப் எண்ணைப் படித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சுற்றைப் பாதி த்ராட்டிலில் ஓட்டி, லாகைத் திறந்து பார்த்த பிறகே முழுதாக மிதியுங்கள்.